தோசைக்கரண்டி வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்

என் வீட்டுக்காரர் நாளிதழில் கார்ட்டூன் போடுகிறவர். கடைசிப் பக்கத்தில், கீழே, ராசிபலனுக்குப் பக்கத்தில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் புருசன் ஏதாவது தப்புப் பண்ணுவான். இரண்டாவது கட்டத்தில் பொண்டாட்டி அதைக் கண்டுபிடிப்பாள். மூன்றாவதில் அவன் தலையில் ஒரு வீக்கமும் அவள் கையில் ஒரு தோசைக்கரண்டியும் இருக்கும். நாற்பது வருடமாக மதுரை இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. மதுரைக்காரர்களைச் சிரிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவர் பேட்டிகளில் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மற்ற பத்திரிகைகளில் எல்லாப் பொண்டாட்டிகளும் பூரிக்கட்டை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் தோசைக்கரண்டி கொடுத்தார். "பூரிக்கட்டை வெளியிலிருந்து வந்தது, தோசைக்கரண்டி நம் மண்ணின் ஆயுதம்" என்று ஒரு விழாவில் பேசினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பூரிக்கட்டை உருண்டையாகத் தெரிய வேண்டுமானால் நிழல் போட வேண்டும். தோசைக்கரண்டிக்கு ஒரு கோடு, நுனியில் ஒரு சதுரம். ஆபீஸ் ஆள் படத்துக்காக வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கும்போது, மண்ணின் ஆயுதம் சீக்கிரம் வந்துவிடும்.

அந்தப் பொண்டாட்டிக்குப் பெரிய கொண்டை, பெரிய மூக்குத்தி. அவள் பேசினால் எழுத்து கொட்டை கொட்டையாக, பலூனை விட்டுப் பிதுங்கிக்கொண்டு வரும். ஊரில் அவளுக்குக் கரண்டியம்மா என்று பெயர். நான்தான் அவள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கார்ட்டூன்காரர் வேறு யாரைப் பார்த்து வரைவார், வீட்டில் இருக்கிறவளைத்தானே?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லக் கூச்சப்பட்டு, எதிரே உட்கார்ந்திருந்தும் பல நாள் ஆப்சென்ட் ஆனவள். புது ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் ஒருநாள் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கிவந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் சொத்தையை நறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குழம்பு வைத்தேன். மறுநாள் பேப்பரில் கரண்டியம்மா அதே கத்தரிக்காயைப் புருசன் மீது ஒவ்வொன்றாக வீசியிருந்தாள்.

அன்றைக்குச் சிம்மக்கல் பக்கம் தள்ளுவண்டியில் காய் விற்கிற பெண் என்னைப் பார்த்ததும், நான் எடுத்த கத்தரிக்காயைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"அது வேணாங்கா. அடியில நல்லது இருக்கு, நானே பொறுக்கித் தாரேன். நாளைக்கு என் பேரு பேப்பர்ல வந்துரக் கூடாது பாருங்க."

நான் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சொத்தைக்காய் வந்ததில்லை. ரேசன் கடையில் சீனி சரியான நிறுவையில் வந்தது. கேஸ்காரர் சிலிண்டரை மாடி வரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டு, "வேற எதுவும் நகட்டணுமாம்மா?" என்று கேட்டார். கரண்டியம்மா எனக்காகப் பேப்பரில் கத்திவிடுவதால் எனக்குத் தெருவில் பேச வேண்டிய வேலையே இல்லாமல் போனது. நாற்பது வருடத்தில் என் வீட்டுக்காரர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். அது அவருக்குத் தெரியாது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்கள் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் வரை.

ஒரே பையன். பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். முப்பதைத் தாண்டி முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் பேப்பரில் அவனுக்கு இன்னும் ஆறு வயது. டவுசர் போட்டுக்கொண்டு, ஒரு பல் இல்லாமல், ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பான். தரகர் முதல் தடவை போன இடத்தில், "பையன் இன்னும் ஸ்கூல் முடிக்கலையேய்யா" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

அது வேடிக்கை. அடுத்து வந்ததெல்லாம் வேடிக்கையில்லை. வண்டியூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். கை நனைக்கிறது என்போம். பிடிக்காவிட்டால் காபியோடு எழுந்துவிடுவார்கள். நான் சாம்பார், இரண்டு பொரியல், பாயசம் எல்லாம் செய்து வைத்திருந்தேன். காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என் தலைக்கு மேலாக அடுப்படியையே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தம்மா எங்க?" என்று பெண்ணின் மாமன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் நம்பவில்லை. உள்ளே யாரோ பெரிசாக ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்து அரைக் காபியில் எழுந்துவிட்டார்கள். பாயசத்தை நாங்கள் மறுநாளும் குடித்தோம். இப்படியே ஒவ்வொரு குடும்பமாக வந்தது, காபியோடு போனது. தரகர் ஒருநாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, சாதகத்துல ஒரு கொறையும் இல்ல. பேப்பர்லதாண்ணே கொறை. எம்புட்டுப் பேருக்குத்தான் நான் வெளக்கம் சொல்றது? புருசனையே அந்தப் போடு போடுறவ மருமகளை என்ன பண்ணுவான்னு கேக்குறாக."

பையன் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தான். கோயம்புத்தூரில் வேலை இருக்கிறதாம், போய்விடலாமென்று இருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் காலையில் அவர் இங்க் பாட்டிலைத் திறக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, அவளைக் கொஞ்ச நாளைக்கு நல்லவளா ஆக்குங்களேன்."

"யாரை?"

"கரண்டியம்மாவை."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நல்லவளா ஆக்குனா சிரிப்பு எங்கிட்டிருந்து வரும்?"

"பையனுக்குக் கல்யாணம் ஆகணும்ல."

ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, ஒரு தியாகியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். குணம் மாறினால் முகமும் மாற வேண்டும் என்பது ஓவியக் கலையின் விதியாம். கொண்டையை எடுத்துவிட்டுப் பின்னல் போட்டார். மூக்குத்தியைச் சின்னதாக்கினார். இடுப்பு வந்தது. முப்பது வயது குறைந்தது. என்னைப் பார்த்துத்தான் வரைகிறார் என்றால் இந்த ஆளை எங்கே பார்த்தார் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துபோனது.

புதியவள் முதல் கட்டத்தில் காபி கொடுத்தாள். இரண்டாவது கட்டத்தில் "கால் வலிக்குதாங்க?" என்று கேட்டாள். மூன்றாவது கட்டத்தில் புருசன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் ஹார்லிக்சும் சாத்துக்குடியும் வந்தன. கரண்டியம்மாவுக்கு உடம்பு முடியவில்லையாம், அதனால் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாளாம். திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாசகர் திருநீறு அனுப்பினார். இரண்டாவது வாரம், சொந்தக்காரப் பெண் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லையே என்று ஊருக்கு உறைத்தது. அதுவும் புருசனுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது.

ஒரு காலையில் கறிவேப்பிலை வாங்க இறங்கினேன். எங்கள் சந்து முனைச் சுவரில் பசை காயாத போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. நடுவில் கரண்டியம்மா, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கையிலிருந்த தோசைக்கரண்டியை எடுத்துவிட்டு ஒரு தாமரைப்பூவை வைத்திருந்தார்கள். கீழே, "எங்கள் இல்லங்களின் ஓங்கிய குரல் ஓய்ந்தது" என்று எழுதி, வருந்துகிறவர்களின் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். செத்தவளைவிட வருந்துகிறவர்கள் பெரிதாக இருந்தார்கள். எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி, இரண்டு பேர் கையில் செல்போன். மதுரையில் யார் செத்தாலும் நம் படம் போட ஒரு சுவர் கிடைக்கும்.

நான் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். வண்டிக்காரப் பெண்ணுக்கு என்னைத் தெரியும், நான் சாகவில்லை என்றும் தெரியும். ஆனாலும், "பேப்பர்ல நீங்க இப்ப இல்லைல்லக்கா" என்று வாடின கொத்தைத்தான் கொடுத்தாள். கேஸ்காரர் சிலிண்டரைப் படிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று பதினொரு மணிபோல மகளிர் குழுப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். கீழ்வீட்டு அம்மாதான் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் உரிமையாளர், முஸ்லிம் குடும்பம். அவரிடம்தான் முதலில் போய் அழுதிருக்கிறார்கள்.

"யா அல்லா! காலையிலதானே எங்கிட்ட ஒறை மோர் வாங்கிட்டு மேல போச்சு!" என்று அந்தம்மா போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களோ, துக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசுகிறார் என்று தேற்றிவிட்டு மேலே வந்தார்கள். கதவைத் திறந்தேன்.

"நீங்க இங்க வேலைக்கு இருக்கீகளா?" என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். தலையை ஆட்டிவைத்தேன்.

"அந்த மகராசி பேப்பர்ல பேசுறதப் பாத்துத்தான் நாங்கெல்லாம் வீட்டுல ரெண்டு வார்த்தை பேசக் கத்துக்கிட்டோம். இருந்தவரைக்கும் உங்களுக்கு ஒழுங்காச் சம்பளம் குடுத்தாகளா?"

"சாப்பாடு உண்டு" என்றேன்.

"புதுசா வந்திருக்கவ எப்படி? கொணமானவளா?"

"தெரியலை. நான் இன்னும் பாக்கலை."

காபி குடித்துவிட்டு, என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். சாயங்காலம் தரகர் போன் பண்ணும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திருமங்கலத்திலிருந்து வருவதாக இருந்த சம்பந்தம் நின்றுபோய்விட்டது. மூத்தவள் செத்து மூணு வாரத்தில் இளையாளைக் கூட்டிவந்து வைத்திருக்கிற வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்றார்களாம்.

"நீ உசுரோட இருக்கன்னு நான் போஸ்டரா ஒட்ட முடியும்?" என்றான் பையன் என்னிடம். கோபத்தில் சொன்னானா அழுகையில் சொன்னானா தெரியவில்லை. பையை எடுத்துத் துணியை அடுக்கத் தொடங்கினான்.

பத்திரிகை ஆசிரியரும் போன் பண்ணினார். "சார், அந்தம்மாவை எழுப்புங்க. பேப்பர நிறுத்தச் சொல்லி ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறாக." இரண்டு நாளில் கரண்டியம்மா கொண்டையோடு எழுந்தாள். முதல் கட்டத்திலேயே அடித்தாள். அதே சந்து முனையில், அதே ஆட்கள், அதே கண்ணாடியோடு, "மீண்டு வந்த வீரத்தாயே" என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அந்தப் பின்னல்காரி என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை.

பையனைத் தரகர்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சம்சாரி குடும்பம். மல்லிகைத் தோட்டம், கொஞ்சம் நெல். பெண் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். "இது கடைசிண்ணே. இதுவும் போச்சுன்னா நான் நெலம் வாங்கி விக்கிற தொழிலுக்குப் போயிருவேன்" என்றார்.

நான் அன்று சோறு வடிக்கவில்லை. காபிக்குப் பாலும் ஒரு தட்டு முறுக்கும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணே படியேறி வந்தாள். வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிவரும் பழக்கம் கிடையாது. அவள் அப்பா வாசலிலேயே நெளிந்தார். "நான் இருக்கப்போற வீட்டை நான் பாக்காம நீங்க பாத்து என்ன செய்யன்னு நின்னுட்டா. என்ன செய்யச் சொல்றீக."

பெண் என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். "நீங்கதான அம்மா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் வேறு யாரையும் தேடி எட்டிப் பார்க்கவில்லை. ஐயோ, சோறு வடித்திருக்கலாமே என்று தோன்றியது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பேச்சு நன்றாகவே போனது. நகை, மண்டபம் எதிலும் இழுபறி இல்லை. பையனும் பெண்ணும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வரும்போது அவன் சிரித்துக்கொண்டு வந்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு பெண் என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் இந்த வீட்டுக்கு வந்தா என்னையப் பேப்பர்ல போடக்கூடாது. எங்கிட்டப் படிக்கிற பிள்ளைக எல்லாம் உங்க படத்தைப் பாக்குதுக. நான் கிரவுண்ட்ல நிக்க முடியாது."

சரி என்று ஒரு சொல் போதும். அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேட்டி கொடுக்கும்போது அப்படித்தான் துடைப்பார்.

"அதெப்படிம்மா? கலைஞனுக்கு வேலி போட முடியுமா? நாப்பது வருசமா அதே ஆளுகளை வச்சு ஓட்டுறேன். மருமக வந்தாத்தான் கதைக்கே ஒரு புது ரத்தம்." சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவந்து பெருமையாக நீட்டினார். ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறார்! ஒரு பக்கம் தோசைக்கரண்டியோடு கரண்டியம்மா. எதிரே விசிலை ஊதிக்கொண்டு டிராக் பேண்ட் போட்ட மருமகள். நடுவில் இரண்டு பக்கமும் வீக்கத்தோடு மகன். இருபத்தைந்து வருடமாக வளராதவன் இந்தப் படத்தில் ஒரே நாளில் வளர்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண் படத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அவள் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம். என் பையன் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"அப்பா, கெளம்புவோம்" என்றாள் பெண்.

நான் எப்போது வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"போடமாட்டாரு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார் பெண்ணின் அப்பா.

"போடமாட்டாரு. நான் சொல்றேன்."

"ஏய், இதுல உனக்கென்ன தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாப்பது வருசமா நான் பேசாததை எல்லாம் எம் பேச்சுன்னு போட்டீக. நான் ஒண்ணும் சொல்லலை. இப்ப நெசமாவே பேசுறேன், கேளுங்க. இந்தப் புள்ளை உங்க கட்டத்துக்குள்ள வரமாட்டா. எம் மகனும் இனிமே அதுல வேணாம். அவனுக்குக் கல்யாணம், அவன் டவுசரைக் கழட்டுங்க முதல்ல."

தரகர்தான் முதலில் சிரித்தார், பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். சேலை முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் நான் யாரைத்தான் போடுறது?" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

"என்னைப் போட்டுக்கங்க. எம்புட்டு வேணாலும் போட்டுக்கங்க."

"உங்களை மட்டும் எதுக்கு அத்தை போடணும்?" என்றாள் அந்தப் பெண்.

அவள் அத்தை என்று சொன்னதை நான் கவனித்தேன். என் பையனும் கவனித்தான். சுவரிலிருந்து திரும்பினான்.

"கரண்டியம்மா இருக்கட்டும்த்தா. எனக்கு அவ கூட இருந்தாத் தேவலை" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெண்ணின் அம்மா அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் போலவே ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் எழுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

"மதினி, அரிசி எங்கிட்டு வச்சிருக்கீக?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சோறே வடிக்கலை, மதினி. நீங்களும் காபியோட போயிருவீகன்னு..."

"அதனால என்ன? வடிச்சாப் போச்சு" என்று அடுப்படிக்குள் போனார். தரகர் வாழை இலை வாங்க, இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார். பையன் தேங்காய் உடைத்தான். என் வீட்டுக்காரர் அந்த அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வெங்காயம் உரிக்கச் சொன்னோம்.

இலை போட்டாயிற்று. ஆவி பறக்கிற சோற்றில் சாம்பார் ஊற்றினேன். பெண்ணின் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆனால் கையை இலைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, பக்கத்து இலையில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மச்சான், இதுல கை வச்சுட்டா அப்புறம் பேச்சு மாறக்கூடாது. நீங்க உங்க வாயால ஒண்ணும் சொல்லலையே?"

பெண்ணும் பையனும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து, சாம்பார் வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார். கண்ணாடியில் கை போனது, பாதியில் நின்று இறங்கியது.

"அதான் அவ சொல்லிட்டாளே" என்றார்.

சம்பந்தி சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்புக் குறைச்சல் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் அவர் அடுத்த கவளத்தைப் பிசைந்தார். நான் உப்பை எடுத்துவர உள்ளே போனேன்.